இடிப்பதற்கு முன் எஸ்டிமேட்டைக் காட்டுங்கள்

மாண்புமிகு மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, அந்த 102 ஏக்கரில் விளையாட்டு நகரம் எழுப்பப்போவதாக 2025 நவம்பரில் செய்தி வந்தது. அதே மாதம் 2030 காமன்வெல்த் போட்டியும் அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷம். கைதட்டி முடித்த கையோடு ஒன்று கேட்கிறேன்: முதல் செங்கல்லைப் பெயர்ப்பதற்கு முன் விரிவான எஸ்டிமேட்டை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

கட்டட வேலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரிவைஸ்டு எஸ்டிமேட், அதாவது பாதி வேலையில் ஏற்றி எழுதும் செலவுக் கணக்கு, எப்படிப் பிறக்கிறது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வரைபடம் முடிவாகாமலே டெண்டர் போகும். வேலை பாதியில் இருக்கும்போது மேலே யாருக்கோ புதிதாக ஒரு யோசனை வரும். உடனே எக்ஸ்ட்ரா ஐட்டம். அதற்குக் காண்ட்ராக்டர் சொல்வதுதான் ரேட், ஏனென்றால் திறப்பு விழாத் தேதி அவருக்கும் தெரியும்.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு நடந்தது அதுதான். வாய்ப்பு கிடைத்தது 2003இல். கையில் ஏழு வருடம் இருந்தது. தொடக்க வருடங்களைத் தூங்கிக் கழித்துவிட்டு, கடைசியில் அவசரம் என்று சொல்லி விதிகளைத் தளர்த்தினார்கள். அந்த அவசரமே செயற்கையானது என்றுதான் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி 2011 அறிக்கையில் எழுதியது. 2003இல் போட்டியைக் கேட்டபோது மத்திய அரசுக்கு 297 கோடி ரூபாய் செலவாகும் என்று சொன்னார்கள். கடைசியில் பல அரசுத் துறைகளும் சேர்த்துப் போட்ட கணக்கு 18,532 கோடி. அதில் மேம்பாலமும் சாலையும் அடக்கம் என்பீர்கள். சரி, கழித்துக்கொள்ளுங்கள். நேரு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க மட்டும் 961 கோடி ஆனது. அதைத்தான் பதினைந்தே வருடத்தில் இடிக்கப் போகிறீர்கள்.

அந்த ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் 2010 செப்டம்பர் 21 அன்று விழுந்த நடைபாலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாலம் சரிந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். வாயில் நுரை தள்ள வேலை வாங்கப்பட்டவர்கள். அது வீரர்களுக்கான பாலம் இல்லை, பார்வையாளர்களுக்கானதுதான் என்று அப்போது ஒரு சமாதானம் சொன்னார்கள். அந்தப் பேச்சில் மேலே நின்று கான்கிரீட் போட்டவனுக்கு இடமே இல்லை. பிறகு ராணுவம் வந்து சில நாளில் பெய்லி பாலம், அதாவது இரும்புத் துண்டுகளைக் கோத்துப் போடும் தற்காலிகப் பாலம், போட்டுக் கொடுத்தது. அது முடியுமென்றால் அந்த ஏழு வருடம் எங்கே போனது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான உலக பாரா தடகளப் போட்டிக்காக 2025 ஆகஸ்டில்தான் அதே ஸ்டேடியத்தில் புத்தம்புது மாண்டோ செயற்கை ஓடுதளம் திறக்கப்பட்டது. நவம்பரில் இடிப்புச் செய்தி! ஒரு அறையில் தளம் போட முடிவெடுத்தவர்களும் பக்கத்து அறையில் இடிக்க முடிவெடுத்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லையா? அந்தப் போட்டியின்போது கென்யப் பயிற்சியாளரையும் ஜப்பான் பயிற்சியாளரையும் மைதானத்துக்குள்ளேயே தெருநாய் கடித்தது. நாயைத் தடுக்க ஒரு கேட்டை ஒழுங்காகச் சாத்த முடியவில்லை, கத்தாரையும் ஆஸ்திரேலியாவையும் பார்த்து விளையாட்டு நகரம் கட்டப் போகிறோம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கு வருகிறேன். இருப்பதைச் செப்பனிட எவ்வளவு ஆகும், இடித்துக் கட்ட எவ்வளவு ஆகும் என்று இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். வரைபடத்துக்கு இறுதிக் கையெழுத்து விழுந்த பிறகே டெண்டர் கோருங்கள். தொகை ஏறினால் எந்த ஐட்டத்தில் ஏறியது, யார் ஒப்புதல் கொடுத்தார் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். இடிப்பு வேலை நடக்கும் காலத்தில் அங்கே பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அகமதாபாத்துக்கும் இதே முறை வேண்டும்.

எஸ்டிமேட் தயாராக இருந்தால் அதை வெளியிட ஒரு நாள் போதும். தயாராக இல்லையென்றால், தயவுசெய்து அதுவரை இடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்