எங்கள் குளத்தின் படத்தை எங்களிடம் கொடுங்கள்

செயற்கைக்கோள் படம், ட்ரோன், வரைபடம் இவற்றை வைத்து ஊர்ப் பிரச்சினைகளைத் தீர்க்கப் புறப்பட்டிருக்கும் ஸ்டார்ட்அப் தம்பி தங்கைகளுக்கு, தாமிரபரணியின் பாளையங்கால் வாய்க்கால் பாசனத்தில் பிசான நெல் (மழைக்காலத்தில் நடும் பட்டம்) நடும் விவசாயி ஒருவன் எழுதுவது. வணக்கம்.

போன வாரம் திருநெல்வேலியில் நடந்த விழா ஒன்றில் உங்களில் ஒரு நிறுவனத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். எந்த இடத்தில் வெள்ளம் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லும் வரைபடத்துக்கான பரிசு. மேடைத் திரையில் ஓடிய படத்தில் எங்கள் ஊர்க் குளம் இருந்தது. கரை வளைகிற வளைவைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பரிசு வாங்கியதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, நல்ல வேலைதான். ஆனால் அந்தப் படம் இன்றுவரை எங்கள் கைக்கு வரவில்லை. எங்கள் குளத்தின் படத்தை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 செ.மீ. மழையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட பயணிகளும் நீங்கள் பேசும் மேடைகளில் எல்லாம் முதலில் வருகிறார்கள். அந்த வருஷக் கோடையில்தான் உங்கள் ஆட்கள் ட்ரோனோடு எங்கள் ஊருக்கு வந்தார்கள். வேப்பமர நிழலில் உட்கார்ந்து மடிக்கணினியில் கரையைக் காட்டினார் ஒரு தம்பி. கரை முழுக்கப் பச்சை நிறம். தெற்கு மடைக்கும் கலுங்குக்கும் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுகாலாக வழியும் இடம்) நடுவில் மட்டும் ஒரு துண்டு மஞ்சள். மாடு ஏறி இறங்கி அங்கே கரை தேய்ந்து கிடப்பது ஊருக்கே தெரியும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முக்கால் மீட்டர் தாழ்வு. "மறுகால் பெருகினா முதல்ல இங்கதான் தண்ணி தாண்டும்" என்று அந்தத் தம்பியே சொன்னார். படத்தை அனுப்பி வைப்பதாகவும் சொன்னார்.

கரையை உயர்த்தித் தரச் சொல்லி மனு கொடுக்கப் போனோம். எந்த இடம், எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு தாழ்வு, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கண்ணால் பார்த்த மஞ்சள் நிறத்தை மனுவில் எப்படி இணைப்பது? உங்கள் ஆட்களுக்குப் போன் போட்டோம். அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மார்கழி பிறந்ததும் மழை வந்தது, அதே இடத்தில் கரை உடைந்தது. நட்ட பயிர் பச்சை பிடித்து நின்ற நேரம். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் வயலில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்கு மணல். அந்த மணலை அள்ளப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

தரையின் உயரத்தைக் காட்டும் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அவை பெரும்பாலும் 30 மீட்டருக்கு ஒரு கட்டமாக இருப்பவை. எங்கள் கரையின் மேல்பக்கம் ஒரு டிராக்டர் போகும் அகலம். அந்தக் கட்டத்துக்குள் கரையே காணாமல் போய்விடும், அதில் தேய்ந்த இடம் எப்படித் தெரியும்? ட்ரோன் எடுத்த படத்தில்தான் அது தெரியும். அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியதால்தான் உரிமம் கேட்டு அலையாமல் நீங்கள் படம் எடுக்க முடிகிறது. பொதுப் பணத்தில் உருவாகும் நிலத் தரவு, ரகசியமானவை நீங்கலாக, எல்லா இந்தியர்களுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. அரசுப் பணத்தில் எங்கள் குளத்தை அளந்தீர்கள் என்றால் அந்தப் படம் எங்களுக்கும் உரியது. உங்கள் சொந்தப் பணம் என்றால், கரையில் நின்று மடையையும் ஓடையையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தவர்கள் நாங்கள்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் சோலாருக்கு நிலம் தேடுகிறவர்கள் கையில் சர்வே நம்பரோடு வண்ணப் படம் இருக்கிறது. குளத்தை நம்பிப் பயிர் வைக்கிறவனுக்கு மட்டும் அறிக்கை தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஆப் வெளியிட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. வெள்ளத்தன்று கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஆப்பை வைத்துக்கொண்டு அன்றைக்கு யார் என்ன செய்திருக்க முடியும்?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். உங்கள் வேலை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வேண்டும் என்பதால்தான் கேட்கிறோம். 2015 சென்னை வெள்ளத்தில் முழுகிய தெருக்களை யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மக்களே குறித்தார்கள், பார்க்க விரும்பியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். 2025 ஜூலையில் போன, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோள் மேகத்தையும் இருட்டையும் தாண்டித் தரையைப் பார்க்கிறது. ராக்கெட்டின் கிரயோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இவ்வளவும் பக்கத்தில் இருக்கும்போது கலுங்கின் மட்டம் தெரியாமல் நாங்கள் ஏன் மழைக்குக் காத்திருக்க வேண்டும்?

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். எங்கள் குளத்தின் படத்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். மடை, கலுங்கு, மறுகால் ஓடை எல்லாம் எங்கள் ஊர்ப் பெயரோடு தமிழில் இருக்கட்டும். கரை எங்கெங்கே எவ்வளவு உயரம் என்று மீட்டரில் எழுதி, அளந்த தேதியைப் போட்டு, பொறுப்பானவர் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள். அப்போதுதான் மனுவில் இணைக்க முடியும். நீங்கள் அளந்த மற்ற ஊர்களுக்கும் இதேபோல் கொடுங்கள். உடைந்த இடத்தை மண் போட்டு அடைத்திருக்கிறோம், அதன் மட்டம் சரிதானா என்று இன்னொரு முறை அளந்து சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். ட்ரோனோடு வருகிறவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் ஊர்ப் பொறுப்பு. ஐப்பசி பிறப்பதற்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
பாளையங்கால் பாசன விவசாயி ஒருவன்