சுவீடிய மொழியை என் நாவில் ஏற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய ஆசிரியைக்கும், உடன் படித்தவர்களுக்கும், நூலகத்து மொழிக் கஃபேயில் எங்களோடு அமர்ந்து பேசிய பெரியவர்களுக்கும், மூன்றாம் மாடி அக்காவுக்கும் வணக்கம்.

குடியேறியோருக்கான சுவீடிய மொழி வகுப்பின், அதாவது நாம் எஸ்எஃப்ஈ என்று சொல்லும் வகுப்பின், இறுதிப் படியாகிய டி நிலையில் நான் சென்ற மாதம் சித்தியடைந்தேன். சான்றிதழில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சுவீடனின் யோத்தெபோரி (கோதென்பர்க்) நகருக்கு வந்த முதல் ஆண்டில், கடையிலும் அலுவலகத்திலும் நான் சுவீடிய மொழியில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அது முடிவதற்குள் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர்கள் அதை உதவி என்று நினைத்தே செய்தார்கள். ஆனால் வாய்க்குள் வந்த சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஆசிரியையே, நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்யவில்லை. நான் தடுமாறிய வேளைகளில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் பொறுமை குறையாமல், வாக்கியம் முடியும்வரை காத்திருந்தீர்கள். வாரத்துக்குக் குறைந்தது 15 மணிநேரம் என்ற கணக்கில் நடக்கும் வகுப்பில், இருபதுக்கும் மேற்பட்டோருக்காக ஒருவர் அவ்வாறு காத்திருப்பது எத்தனை பெரிய உழைப்பு என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். சுவீடிய மொழியிலோ அது இரண்டாம் இடத்தை விட்டு நகராது. இதை எனக்கு விளங்கவைக்க நீங்கள் நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லட்டையோடு ஒருவரை அமர்த்தினீர்கள். 'இன்று' என்ற சொல் முதல் நாற்காலிக்கு வந்ததும் 'நான்' எழுந்து மூன்றாம் நாற்காலிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாவதில் இருந்த வினைச்சொல் மட்டும் அசையவில்லை. வினைச்சொல்லாக அமர்ந்திருந்தவர் எரித்திரியாவிலிருந்து வந்த சகோதரர். இன்றும் வாக்கியத்தைத் தொடங்கும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கோலம் என் கண்முன் வருகிறது.

இன்னொரு நாளையும் நான் மறக்கவில்லை. சுவீடிய மொழியில் 'தக்' என்றால் நன்றி, 'தாக்' என்றால் கூரை. உயிரொலியின் நீளத்தைப் பலராலும் காதால் பிரித்தறிய இயலாதிருந்தபோது, எனக்கு அது இலகுவாக இருப்பதைக் கவனித்த நீங்கள், காரணத்தைக் கேட்டு என்னைக் கரும்பலகைக்கு அழைத்தீர்கள். நான் 'பட்டு', 'பாட்டு' என்று எழுதி, குறிலையும் நெடிலையும் எங்கள் ஊரில் சிறு பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுப்பார்கள் என்று விளக்கினேன். என் மொழி எனக்குத் தடை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். சிரியாவிலிருந்து வந்த தோழி, வகுப்பு முடிந்து தரிப்பிடம்வரை 'பட்டு, பாட்டு' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வாய்மொழித் தேர்வில் அவரே என் இணையாக அமைந்தது என் பாக்கியம்.

நூலகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 1984 முதல் எளிய சுவீடிய மொழியில் வெளிவரும் 'ஒத்தா சீதோர்' செய்தித்தாளை முதன்முதலில் என் கையில் தந்தவர்கள் அவர்களே. அங்கே மொழிக் கஃபேக்கு வரும் பெரியவர் ஒருவர் பின்லாந்தில் பிறந்தவர். இளவயதில் தொழிற்சாலை வேலைக்காக இங்கு வந்தவர். குடியேறிய தொழிலாளர் 240 மணிநேரம் ஊதியத்தோடு சுவீடிய மொழி கற்க 1973 முதல் உரிமை தந்த சட்டத்தின்கீழ், வேலை நேரத்திலேயே தாம் பாடம் படித்ததாக அவர் சொன்னார். 1965 முதல் அரசு செலவில் நடந்துவரும் இந்தக் கல்வியை அதுவரை நான் ஒரு விண்ணப்பப் படிவமாகவே பார்த்திருந்தேன். ஐம்பது ஆண்டுகளுக்குமுன் அதைப் பெற்ற ஒருவர், இப்போது தேநீர்க் கோப்பையோடு என் எதிரில் இருந்து 'ஏழு' என்ற சொல்லின் முதல் ஒலியை, ஊதுவதுபோன்ற அந்தக் கடினமான ஒலியை, சலிப்பில்லாமல் பத்து முறை சொல்லிக்காட்டினார்.

அக்கா, மகனுக்குக் காய்ச்சல் வந்து அவன் பாலர் பாடசாலைக்குப் போக முடியாத நாட்களில் அவனைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். வகுப்பைத் தவறவிடாதே என்று என்னைக் கதவுக்கு வெளியே அனுப்பிய உங்கள் குரல் இல்லாவிட்டால் நான் சி நிலையோடு நின்றிருப்பேன். ஆகஸ்டில் உதவிச் செவிலியர் படிப்பைத் தொடங்குகிறேன் என்ற செய்தியை முதலில் உங்களிடம்தான் சொன்னேன்.

ஆசிரியையே, இம்மடலைச் சுவீடிய மொழியிலும் எழுதி உங்களிடம் தந்திருக்கிறேன். இந்நாட்டு வழக்கப்படி அதில் உங்களை 'தூ', அதாவது 'நீ', என்றே விளித்திருக்கிறேன். வகுப்பில் அப்படி அழைக்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. தமிழில் எழுதிய இந்தப் படியில் மட்டும் நான் விரும்பியவாறு உங்களை 'நீங்கள்' என்று அழைக்க முடிந்திருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் மாணவி