ஓப்பன்எஸ்எஸ்எல்ல நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: கேக்குறவங்களுக்கு முழு பதில் சொல்லுங்க

வணக்கம்ங்க.

நான் உங்க கோட்ல ஒரு வரி கூட எழுதினவன் இல்ல. சர்வர் பாத்துக்குறவன். 15 வருஷத்துக்கு மேல ஆச்சு, நெட்ல போற தகவல பூட்டி அனுப்புற உங்க லைப்ரரி இல்லாம என் வேலை ஒரு நாள் கூட ஓடினதில்ல. உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு: உங்க கோட எடுத்து வேற எங்கயோ வச்சு ஓட்டுறவங்க வந்து ஒரு சந்தேகம் கேட்டா முழு பதில் சொல்லுங்க, அந்த பதில கோட் பக்கத்துலயே எழுதியும் வைங்க.

ஏன் இத கேக்குறேன்னு சொல்ல 2006-க்கு போகணும். டெபியன்ங்குற லினக்ஸ்ல உங்க பேக்கேஜ பாத்துக்கிட்டவர், மெமரி தப்ப கண்டுபிடிக்கிற வால்கிரைண்ட் டூல ஓட்டி பாக்குறார், இனிஷியலைஸ் பண்ணாத மெமரிய படிக்குதுன்னு வார்னிங் கொட்டுது. தேடிப் போனா ரேண்டம் நம்பர் உருவாக்குற ஃபைல்ல ரெண்டு வரி. ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி, பஃபர்ல (தற்காலிக மெமரில) இருக்குறத எடுத்து ஹேஷுக்குள்ள (எல்லாத்தையும் கலக்கி அரைக்கிற கணக்குக்குள்ள) கலக்குற ஃபங்ஷன் கால், ஆனா இருக்குற இடம் வேற. ஒண்ணு ரேண்டம் பைட்ஸ வெளிய குடுக்குற இடத்துல இருக்கு, கூப்பிட்டவர் குடுத்த பஃபர்ல என்ன குப்பை கிடக்குதோ அதையும் சேத்துக்கும், அத எடுத்தா ஒண்ணும் கொறஞ்சிடாது. இன்னொண்ணு சீட், அதாவது ரேண்டமுக்கு விதையா போடுற டேட்டா, உள்ள வர்ற வாசல். அத அடைச்சா வெளியிலருந்து வர்ற ரேண்டம் எதுவுமே உள்ள கலக்காது. முதல் வரிக்கு பக்கத்துல வால்கிரைண்ட் மாதிரியே இருக்குற பியூரிஃபை டூல் கம்ப்ளைன் பண்ணும்னு குட்டியா ஒரு கமென்ட் இருந்துச்சு, உயிர்நாடியான ரெண்டாவது வரிக்கு அதுவும் இல்ல.

அந்த மனுஷர் யாரையும் கேக்காம எடுக்கல, அதுதான் எனக்கு இன்னைக்கும் வலிக்குது. உங்க டெவலப்பர் லிஸ்ட்ல வந்து ரெண்டு வரியையும் காட்டி, இத எடுக்கலாமா, ரேண்டம் மேல என்ன பாதிப்பு வரும்னு எனக்கு தெரியலன்னு கேட்டார். பக் தேடிப் பிடிக்க உதவும்னா எடுக்குறதுக்கு எனக்கு சம்மதம்னு உங்க பக்கத்துலருந்து பதில் வந்துச்சு. ரெண்டு வரியும் போச்சு. 2006 செப்டம்பர்லருந்து 2008 மே 13 வரைக்கும் டெபியன்லயும் அதுலருந்து வந்த உபுண்டுலயும் கீ உருவாக்கும்போது மாறினது ப்ராசஸ் ஐடி (ஓடுற ப்ரோகிராமுக்கு சிஸ்டம் குடுக்குற நம்பர்) மட்டும்தான், அதாவது ஒரு டைப், ஒரு சைஸ், ஒரு ஆர்க்கிடெக்சருக்கு மொத்தமே 32,767 கீ. ஒரு லேப்டாப்ப வச்சு அத்தனையையும் முன்கூட்டியே பண்ணி வச்சுக்கலாம், வச்சுக்கிட்டாங்க. விஷயம் வெளிய வந்தப்புறம், அந்த லிஸ்ட டீம் ஆளுங்க பாக்குறதே இல்ல, வேற முகவரிக்கு எழுதியிருக்கணும்னு உங்க பக்கத்துலருந்து சொன்னாங்க. இருக்கலாம். ஆனா அது புதுசா வர்றவனுக்கு எப்படிங்க தெரியும்?

இத அந்த டெபியன்காரர் தப்புன்னு என்னால சொல்ல முடியல, ஏன்னா அதே வேலைய நானும் பண்ணியிருக்கேன். முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனில எங்க சொந்த கோட்ல, கீய யூஸ் பண்ணி முடிச்சதும் அந்த மெமரிய ஸீரோவால நிரப்புற ஒரு வரி இருந்துச்சு, அடுத்த வரில அந்த மெமரிய ஃப்ரீ பண்ணிடும். டூல் இது பயனில்லாத வரின்னு சொல்லிச்சு. சீனியர்கிட்ட கேட்டேன், அவர் ரிலீஸ் டென்ஷன்ல ஸ்க்ரீன விட்டு கண்ண எடுக்காம "தேவையில்லன்னா தூக்கிடுப்பா"ன்னார். தூக்கிட்டேன். ஒன்றரை வருஷம் கழிச்சு ஆடிட்டுக்கு வந்தவங்க ஒரு கோர் டம்ப்ப (ப்ரோகிராம் க்ராஷ் ஆகும்போது அதோட மெமரிய அப்படியே எழுதி வச்ச ஃபைல) திறந்து அதுலருந்து ஒரு ப்ரைவேட் கீய எடுத்து ப்ரொஜெக்டர்ல காட்டினாங்க, அந்த ரூம்ல ஒருத்தரும் பேசல. டூல் சொன்னதும் சரி, சீனியர் சொன்னதும் நான் கேட்ட கேள்விக்கு சரி. அந்த வரி ஏன் அங்க இருக்குன்னு மட்டும் எங்கயும் எழுதல. உங்க லைப்ரரில இதே வேலைக்குன்னு க்ளென்ஸ்னு தனியா ஒரு ஃபங்ஷன் இருக்குறது, கம்பைலர் இந்த மாதிரி வரிய தானாவே தூக்கிடும்னு யோசிச்சு அத எழுதினது, எல்லாம் எனக்கு அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது.

உங்க லைப்ரரில ஹார்ட்ப்ளீட்ங்குற பெரிய ஓட்டை வெளிய வந்த நாளும் நான் வேலைல இருந்தேன். 2014 ஏப்ரல் 8 காலைல எந்திரிச்சதுலருந்து ஒரே கேள்விதான், நம்ம சர்வர் பேட்ச் ஆயிடுச்சா இல்லையா. உபுண்டு 12.04-ல அப்டேட் போட்டு வெர்ஷன் கேட்டா 1.0.1, 2012 மார்ச் 14-னே காட்டுது, அது ஓட்டை இருந்த வெர்ஷன்தானேன்னு வயித்த கலக்குது. அப்புறம் பில்ட் ஆன தேதிய கேட்டா ஏப்ரல் 7-ன்னு வருது, அத பாத்துதான் மூச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு சர்வீஸா ரீஸ்டார்ட், கீ எல்லாம் புதுசு, சர்டிஃபிகேட் எல்லாம் திரும்ப வாங்கணும். பக் என்னன்னு பாத்தா, வந்தவன் நான் 64 கேபி அனுப்புறேன்னு சொல்லிட்டு ஒரு பைட் அனுப்புறான், லைப்ரரி அத சரிபாக்காம பக்கத்து மெமரியையும் சேத்து திருப்பி அனுப்புது. நீளத்த செக் பண்ற சில வரிதான் மருந்து. ஆனா என்ன உறுத்தினது வேற. மெமரி கேக்குறதுக்குன்னு நீங்க சொந்தமா ஒரு ஃப்ரீலிஸ்ட் (யூஸ் பண்ணி முடிச்ச மெமரிய சிஸ்டம்கிட்ட திருப்பி குடுக்காம வச்சுக்குற பட்டியல்) வச்சிருந்தீங்க, ஏதோ ஒரு காலத்துல சில சிஸ்டம்ல மெமரி குடுக்குற மேலாக் ஃபங்ஷன் ஸ்லோவா இருந்துச்சுன்னு போட்டது. அந்த காரணம் காலாவதி ஆயிடுச்சு, கோட் மட்டும் தங்கிடுச்சு, மெமரி தப்ப பிடிக்கன்னே ஓப்பன்பிஎஸ்டி மாதிரி ஆப்பரேட்டிங் சிஸ்டம்ல வச்சிருந்த பாதுகாப்ப அது மறைச்சுது. ஓப்பன்பிஎஸ்டிகாரங்க கோபத்துல உங்க கோட காப்பி எடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல்னு பிரிஞ்சு போய் முதல் வாரத்துலயே 90,000 வரி வெட்டினாங்க, ரெண்டு மாசத்துல கூகுள் போரிங்எஸ்எஸ்எல்னு தனியா போனாங்க.

அப்ப உங்களுக்கு வந்துட்டு இருந்த நன்கொடை வருஷத்துக்கு சுமார் 2,000 டாலர், முழு நேரமா இதையே பாத்துட்டு இருந்தது ஒரே ஒரு ஆளு. உலகம் பூரா கோடிக்கணக்குல சம்பாதிச்ச கம்பெனிங்க உங்க முதுகுல உக்காந்திருந்தாங்க, நான் சம்பளம் வாங்கின இடமும் அதுல ஒண்ணு, பத்து பைசா குடுக்கல. அந்த நிலைமைல யாராவது வந்து கேள்வி கேட்டா ரெண்டு வரில பதில் சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்கத்தான் தோணும், அதுல உங்கள குறை சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இப்ப நிலைமை வேற. ஃபவுண்டேஷன், கார்ப்பரேஷன்னு ரெண்டு அமைப்பு இருக்கு, சம்பளத்துக்கு ஆள் இருக்காங்க, யூஸ் பண்றவங்க பேச ஆலோசனை கமிட்டி வச்சிருக்கீங்க, நல்ல விஷயம்.

அப்படி இருந்தும், வெப்சைட் சீக்கிரம் லோட் ஆகன்னு வந்த குவிக்ங்குற புது நெட்வொர்க் முறை விஷயத்துல என்ன ஆச்சுன்னு பாருங்க. 2019-லயே அகமைங்குற கம்பெனிலருந்து ஒருத்தர், குவிக்குக்காக போரிங்எஸ்எஸ்எல்ல இருக்குற மாதிரி ஒரு சின்ன ஏபிஐய (மத்த ப்ரோகிராம் கூப்பிடுற ஃபங்ஷன்கள) புல் ரிக்வெஸ்ட்டா, அதாவது உங்க கோட்ல சேத்துக்க சொல்லி, குடுத்தார். குவிக்க நாங்களே முழுசா எழுதுறோம்னு சொல்லி அத எடுத்துக்கல. அகமையும் மைக்ரோசாஃப்ட்டும் சேந்து குவிக்டிஎல்எஸ்னு உங்க கோடோட ஒரு தனி காப்பி (ஃபோர்க்) வச்சாங்க. உங்க 3.2-ல 2023 நவம்பர்ல க்ளையன்ட் பக்கம் வந்துச்சு, சர்வர் பக்கமும் மத்தவங்க குவிக் கோட் ஒட்டிக்கிற ஏபிஐயும் 3.5-ல, 2025 ஏப்ரல்லதான் வந்துச்சு. முதல்ல கேட்டதுக்கும் அதுக்கும் நடுவுல ஆறு வருஷம். நீங்க எடுத்தது தப்பான முடிவுன்னு அடிச்சு சொல்ற அளவுக்கு நான் கிரிப்டோ ஆளு இல்ல. ஆனா இது வர்ற வரைக்கும் சர்வர் வச்சிருக்குறவங்க என்ன பண்றதுங்குறதுதான் கேட்டவங்களோட கேள்வி, அதுக்கு அந்த முடிவுல பதில் இல்ல.

உங்க 3.0 வெர்ஷனும் அப்படித்தான். ப்ரொவைடர்னு புது அமைப்பு, அல்காரிதத்த பேர சொல்லி தேடி எடுக்குறது, ஃபிப்ஸ்ங்குற அமெரிக்க அரசோட பாதுகாப்பு சர்டிஃபிகேட்டுக்கு அது தேவைப்பட்டுச்சுன்னு புரியுது. ஆனா நிறைய த்ரெட் (ஒரே நேரத்துல நடக்குற வேலை) ஓடுற இடத்துல ஒண்ணு விடுற வரைக்கும் இன்னொண்ணு லாக்குக்காக காத்துக்கிடந்து 1.1.1-ஐ விட ஸ்லோ ஆச்சுன்னு யூஸ் பண்றவங்க அளந்து காட்டினப்புறம்தான் 3.1-லருந்து சரி பண்ண ஆரம்பிச்சீங்க. 2023 செப்டம்பர்ல 1.1.1-க்கு சப்போர்ட் முடிஞ்சுது, வழியில்லாம எல்லாரும் மாறினாங்க. எவ்வளவு ஸ்லோ ஆகும்னு ரிலீஸ் நோட்லயே ஒரு டேபிள் போட்டிருந்தா நாலு சர்வர் கூட வாங்கணுமா வேணாமான்னு மேனேஜர்கிட்ட முன்னாடியே பேசியிருக்கலாம்.

அதனால ஒவ்வொரு ரிலீஸுக்கும் முந்தின எல்டிஎஸ்ஸோட (ரொம்ப வருஷம் சப்போர்ட் இருக்குற வெர்ஷனோட) ஒப்பிட்டு வேகத்த அளந்து போடுங்க, நல்லா வந்தாலும் மோசமா வந்தாலும். ஒரு விஷயத்த முடியாதுன்னு சொல்லும்போது அதுவரைக்கும் என்ன வழின்னும் சேத்து சொல்லுங்க. ரேண்டம், மெமரி, கான்ஸ்டன்ட் டைம் (ரகசியம் எதுவா இருந்தாலும் ஒரே நேரம் எடுக்குறது) சம்பந்தப்பட்ட கோட்ல பாத்தா தேவையில்லாத மாதிரி தெரியுற ஒவ்வொரு வரிக்கும் மேல, இது ஏன் இருக்கு, எடுத்தா என்ன போகும், எந்த வருஷத்து காரணம் இதுன்னு எழுதுங்க. ஒருத்தர் வந்து இத எடுக்கலாமான்னு கேட்டா, நீங்க எதுக்கு எடுக்குறீங்க, எங்க வச்சு ஓட்டப் போறீங்கன்னு திருப்பி ஒரு கேள்வி கேளுங்க.

கமென்ட் எழுதுற வேலைக்கு ஆள் இல்லன்னா எனக்கு சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் இருக்கு. ரேண்டம் டைரக்டரிலருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு புரியாத வரிய எல்லாம் பட்டியல் போட்டு அனுப்புறேன், காரணத்த நீங்க சொல்லுங்க, நான் எழுதிடுறேன். எந்த முகவரிக்கு அனுப்பணும்னு மட்டும் சொல்லிடுங்க.

அன்புடன்,
உங்க லைப்ரரிய நம்பி வேலை பாக்குற ஒரு சர்வர் அட்மின்