செயலாளரின் ஆண்டறிக்கை: முறைப்பாட்டுக்குப் பின் வரும் இடமாற்றங்கள்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

சந்தா, வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். திருகோணமலை அரச அலுவலகங்களில் பாரபட்சம் பற்றி முறைப்பாடு செய்தவர்கள் பின்னர் பழிவாங்கப்படுவதே இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்த விடயம்.

பழிவாங்கல் அந்தப் பெயரில் வருவதில்லை. ‘சேவைத் தேவை கருதி’ என்ற கடிதத்தில், நகரத்தில் இருந்தவர் மாவட்டத்தின் தொலைவிலுள்ள வெருகலுக்கோ பதவிசிறிபுரத்துக்கோ மாற்றப்படுவார். சம்பள ஏற்றப் படிவம் கையொப்பமின்றிக் கிடக்கும். பதில் கடமை வேறொருவருக்குப் போகும்.

இடமாற்றத்தை ஏற்க மறுத்து வீட்டில் இருப்பதுதான் மிக ஆபத்தானது. அனுமதியின்றி வராதவரைச் சேவையை விட்டு நீங்கியவராகக் கருத, அரச ஊழியர்களின் சேவை விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவை இடமளிக்கிறது. பிறகு பாரபட்சம் பற்றிய பேச்சே அடிபட்டுப் போகும். எனவே எதிர்ப்பை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கடமையேற்குமாறே சொல்லி வருகிறோம்.

அடுத்தது காலக்கெடு. அரசியலமைப்பின் சமத்துவ உரிமை பற்றிய 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக, 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். திணைக்களத் தலைவருக்கு மேன்முறையீடு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்தான் அந்த மாதம் பலருக்குக் கரைந்துபோகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்டும் கடிதத்தையும் ஆணைக்குழுவிடம் கேட்டுப் பெறுங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் எமது நகரிலேயே இருப்பதால் இதற்காகக் கொழும்பு போகத் தேவையில்லை.

முதல் முறைப்பாடு நிரூபணமாகாவிட்டாலும், பின்னர் வந்த நடவடிக்கை நியாயமற்றதாயின் அதைத் தனியாகவே கேள்விக்குட்படுத்தலாம். அதற்கு மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும்: முறைப்பாட்டின் திகதி, அது நடவடிக்கை எடுத்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தமை, அதே தரத்திலுள்ள மற்றவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது. வாயால் சொன்ன முறைப்பாட்டுக்குத் திகதி இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கையளித்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

மூன்றாவது விடயமான, மற்றவர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் காட்ட 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். “என்னை ஏன் மாற்றினீர்கள்” என்று கேட்டால் ஒற்றை வரிப் பதில்தான் வரும். இடமாற்றச் சபையின் கூட்டக் குறிப்பையும், அதே தரத்தினரின் சேவைக்காலப் பட்டியலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். இந்தக் காத்திருப்பு முன்சொன்ன ஒரு மாதத்தை நிறுத்தாது. தகவல் கோரிக்கை, ஆணைக்குழு முறைப்பாடு இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும்.

மாகாணப் பாடசாலை ஆசிரியரின் விடயம் மாகாண நிர்வாகத்துக்குரியது. தேசியப் பாடசாலை ஆசிரியருடையது மத்திய கல்வி அமைச்சுக்குரியது. விலாசம் மாறிய கடிதத்தால் வாரங்கள் வீணாகின்றன. அனுப்புமுன் நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்ட அதிகாரம் எதுவென்று பாருங்கள்.

முறைப்பாட்டு மாதிரிக் கடிதங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வரும் நிர்வாக சபை தயாரிக்க வேண்டும் என முன்மொழிந்து, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்