புகைவளையம்

மதுரை

அன்பு மகளுக்கு,

உன் துப்பறியும் நாவலிலிருந்து நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் உன் அப்பா அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தார். முதல் முறை கதைக்காகப் படித்தேன். இரண்டாம் முறை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, தடயவியல் ஆய்வகத்தில் இருந்த நாட்களில் ஓர் அறிக்கையைப் படிப்பதுபோலப் படித்தேன். கூடவே, நீ அனுப்பிய, இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் பார்பிக்யூ போட்டியின் விதிப்புத்தகத்தையும் வரி விடாமல் பார்த்தேன். எனக்குத் தோன்றியதைத் தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போட்டி நடக்கும் இரவை நீ எழுதியிருக்கும் விதம் அருமை. சென்ற ஆண்டு உன்னோடு அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் நாங்கள் கண்ட அந்த மைதானம், வரிசை வரிசையாக நின்ற டிரெய்லர்கள், ஒவ்வொன்றின் முன்னும் புகைந்துகொண்டிருந்த இரும்பு அடுப்புகள், உடையில் ஊறிப்போய் மூன்று நாள் போகாத ஹிக்கரி விறகின் வாசனை எல்லாம் எனக்குத் திரும்ப வந்துவிட்டன. 1899இல் ஒரு மாட்டுச் சந்தைக் கண்காட்சியாகத் தொடங்கிய அமெரிக்கன் ராயல் 1980இலிருந்து பார்பிக்யூ போட்டியையும் நடத்திவருகிறது என்று நீ அன்று சொன்னாய். கால்நடை வணிகத்தால் வளர்ந்த ஊர் தன் உணவை இப்படிக் கொண்டாடுவதை நேரில் கண்டவள் என்பதால்தான், அந்த இடத்துக்குப் பொருந்தாத ஒரு கொலையை நீ அங்கே வைத்திருப்பது என்னை உறுத்துகிறது.

முதல் அத்தியாயத்தில் ஒரு நடுவர் விலா எலும்பைக் கடிக்கிறார், சரிந்து விழுகிறார். விஷம் வைத்தவனுக்கு, ஓர் இரகசியச் செய்முறையை முன்னிட்டு, அந்த நடுவர்மேல் பழைய பகை. விதிப்புத்தகத்தை எடுத்துப் பார். அணிகள் தங்கள் இறைச்சியை ஒன்பது அங்குலச் சதுரப் பெட்டியில் வைத்துக் கொடுக்கின்றன. அதை வாங்கும் மேசையிலேயே பெட்டியின் எண் மாற்றப்படுகிறது. எந்தப் பெட்டி எந்த மேசைக்குப் போகும் என்பது சமைத்தவனுக்குத் தெரியாது. எந்தப் பெட்டி யாருடையது என்பது நடுவருக்குத் தெரியாது. மேசைக்கு ஆறு நடுவர்கள். பெட்டி கைமாறி வரும்போது ஒவ்வொருவரும் தமக்குரிய துண்டைத் தாமே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியிருக்கும்போது, குறிப்பிட்ட ஒருவரைக் கொல்ல நினைப்பவன் எந்தத் துண்டில் விஷம் வைப்பான்? ஆறு பேரையும் கொல்லத் துணிந்த வெறியன் என்று எழுதலாம். ஆனால் உன் கதையில் வருபவன் அப்படிப்பட்டவன் அல்லன். இந்த விதிகளை வகுத்த, 1985இல் உருவான கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி நியாயத்துக்காகச் செய்திருக்கும் அந்த ஏற்பாடு, தன்னையறியாமலே நடுவர்களின் உயிருக்கும் காவலாக நிற்கிறது. சாப்பாட்டு மேசையிலேயே கொலை நடக்க வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தால், கதையை மெம்பிஸ் நகருக்குக் கொண்டுபோ. 1978இல் தொடங்கிய அந்தப் போட்டியில், மறைத்து மதிப்பிடுவதோடு, நடுவர்கள் அணியின் கூடாரத்துக்கே வந்து உட்கார்ந்து, சமைத்தவன் தன் கையால் பரிமாற உண்பதும் உண்டு. அங்கே யார் எதைத் தின்கிறார் என்பது சமைத்தவனின் கையில் இருக்கிறது.

எண் மாற்றும் அந்த முறையைப் படித்தபோது என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. எங்களுக்கு வரும் கண்ணாடிச் சாடிகளில் உள்ளுறுப்புகள் உப்புக் கரைசலில் கிடக்கும். மூடியில் அரக்கு முத்திரை, மேலே குற்ற எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். இறந்தவர் பேசும்போது எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார் என்பது எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. அந்த வேலைக்கு அது சரி. கதைக்கு அது போதாது. உன் நடுவர் வாசகனுக்கு வெறும் எண்ணாக வந்து, எண்ணாகவே விழுகிறார். அவருக்காக நான் வருந்தவில்லை.

அடுத்தது விஷம். அரளி விறகின் புகையில் வெந்த இறைச்சி என்று எழுதியிருக்கிறாய். இந்த அரளி நம் வீட்டுச் சாப்பாட்டு வேளையில், நான் அன்றைய வேலையைப் பற்றி உன் அப்பாவிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுமியின் நினைவிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அரளிக்கொட்டை நம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளை இருட்டாக்கியது. அந்தச் சாடிகளை நான் மறக்கவில்லை. ஆனால் அரளிக் குச்சியில் இறைச்சியைக் குத்திச் சுட்டுத் தின்ற படைவீரர்கள் மாண்டார்கள் என்பது பல நாடுகளில் பல போர்களின் பெயரால் சொல்லப்படும் பழங்கதை. அப்படியே சுட்டுச் சோதித்துப் பார்த்தவர்கள் இறைச்சியில் இறங்கிய நஞ்சு பொருட்படுத்தத் தக்கதன்று என்றே கண்டார்கள். கான்சஸ் சிட்டியின் குளிர்காலத்தில் அரளி வெளியே பிழைத்து விறகாகும் அளவுக்கு வளரப்போவதும் இல்லை. ஹிக்கரியும் ஓக்கும் ஆப்பிள் மரமும் எரியும் ஊரில், நம் ஊர் வேலியோரச் செடியைக் கொண்டுபோய் நடாதே.

அப்படியென்றால் அங்கே மனிதனைக் கொல்லக்கூடியது எது? நெருப்புதான். விதிப்படி விறகு, விறகுத் துகளை அழுத்திச் செய்த உருண்டைகள், கரி ஆகியவற்றில்தான் சமைக்கலாம். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் சமைக்கக் கூடாது. பிரிஸ்கெட் என்னும் மாட்டின் மார்புக் கறி பத்து, பன்னிரண்டு மணி நேரம் மெல்லிய சூட்டில் கிடக்க வேண்டும். அதை மறுநாள் பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே இரவெல்லாம் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார், அவரை நம்பி மற்றவர் குளிருக்கு அடைத்த டிரெய்லருக்குள் உறங்குகிறார். அந்த ஒரு நம்பிக்கையின்மேல்தான் அந்த விளையாட்டே நிற்கிறது. இரகசியச் செய்முறைக்காகக் கொலை என்று எழுதியிருக்கிறாயே, அதைவிட ஆயிரம் மடங்கு கொடியது இந்த நம்பிக்கையை உடைப்பது. மூடிய இடத்தில் கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவனை அது எழுப்புவதும் இல்லை.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். நன்றாக வெந்த பிரிஸ்கெட்டை அறுத்தால், மேல்தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும்; அதைப் புகைவளையம் என்று காட்டினாய். விறகும் கரியும் எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையில் உள்ள மயோகுளோபின் என்ற சிவப்பு நிறமியைப் பற்றிக்கொள்வதால் அந்தச் சிவப்பு வேகும்போதும் மங்காமல் நிற்கிறது. மனித இரத்தத்தின் ஹீமோகுளோபின் அந்த மயோகுளோபினின் நெருங்கிய உறவு. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அப்படி இறந்தவர் உடலின் அடிப்பக்கத்தில் தேங்கும் இரத்தம் கருநீலமாக இல்லாமல் செர்ரிப் பழத்தின் சிவப்பில் தெரிகிறது; கன்னங்கள் உயிரோடு இருப்பவரைப் போல இருக்கும். அடுப்பில் கிடந்த இறைச்சியிலும் டிரெய்லருக்குள் கிடந்த மனிதரிலும் ஒரே புகை ஒரே விதமான கையெழுத்தைப் போட்டிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் புகைவளையம் பார்த்துப் பழகிய ஒரு சமையற்காரர்தான், மருத்துவருக்கும் முன்னால், அந்த முகத்தைப் பார்த்து எதையோ உணர முடியும். உன் துப்பறிபவரைக் காவல் அதிகாரியாக வைக்காமல் அப்படியொருவராக வைத்தால் என்ன?

ஆனால் அவர் உணர்வதோடு நின்றுவிட வேண்டும். தீர்ப்பை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். குளிரில் கிடந்த உடலும், சயனைடால் இறந்த உடலும்கூட அப்படிச் சிவந்து தோன்றும். நாங்கள் முன்பு செய்த எளிய சோதனை ஒன்று உண்டு: இரத்தத்தில் காரக் கரைசலைச் சேர்த்தால் சாதாரண இரத்தம் உடனே பழுப்பாகும், கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தம் சிவப்பு மாறாமல் நிற்கும். இப்போது கருவிகள் அளவையே சொல்லிவிடுகின்றன. இருந்தாலும், குழாயைத் தூக்கிப் பிடித்து அந்த நிறம் மாறாததைக் கண்ட முதல் நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

வாசகனைத் திசை திருப்ப உனக்கு இன்னொரு சிவப்பும் கையில் இருக்கிறது. புகைவளையத்தைப் போலியாக உண்டாக்க, பதப்படுத்தும் உப்பைச் சிலர் தடவுவதுண்டு என்பதால், வளையத்துக்கு மதிப்பெண் இல்லை என்று நடுவர்களுக்குச் சொல்லப்படுகிறது. சாதாரண உப்போடு குழம்பிவிடக் கூடாது என்று சாயமிட்டு இளஞ்சிவப்பாக விற்கும் அந்த உப்பில் சோடியம் நைட்ரைட் இருக்கிறது. 1944இல் நியூயார்க்கில், உப்புக் குடுவையில் தவறுதலாக அது நிரப்பப்பட்டதால், காலையுணவு உண்ட பதினொரு முதியவர்கள் நீலம் பாய்ந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். உன் கதையில் அந்த உப்புப் பொட்டலம் ஒன்று காணாமல் போகட்டும்; எல்லோரும் அதன்மேல் சந்தேகம் கொள்ளட்டும். ஆனால் அந்த நஞ்சு இரத்தத்தைச் சாக்லேட் பழுப்பாக்கும், உதட்டை நீலமாக்கும். சிவந்த உப்பைத் தேடி அலைபவர்கள், இறந்தவரின் நிறம் அதற்கு நேர் எதிரானது என்பதைக் கவனிக்கத் தவறுவது வாசகன் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கட்டும்.

கொலையாளி எப்படிச் சிக்குவான் என்று யோசித்தேன். அடுப்பிலும் இறைச்சியிலும் செருகியிருந்த வெப்பமானிகள் இரவு முழுவதும் சூட்டைக் கைப்பேசியில் கோடாக வரைந்துகொண்டிருந்ததை அப்பா வியந்து பார்த்தாரே, நினைவிருக்கிறதா? இறைச்சி ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை வந்ததும் மணிக்கணக்கில் சூடு ஏறாமல் நின்றுவிடும்; மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம், மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துப் போய்விடுகிறது. அலுமினியத் தாளில் சுற்றிவிட்டால் ஆவியாவது நின்று சூடு மறுபடி ஏறும். உன் கொலையாளி, தான் இரவெல்லாம் தீயருகே இருந்ததாகவும் மூன்று மணிக்கு இறைச்சியைச் சுற்றியதாகவும் சொல்லட்டும். கோட்டைப் பார்த்தால், ஐந்தரை வரை அது மேடு போலத் தட்டையாக நிற்கிறது. மூடி திறந்தால் அடுப்பின் சூடு சட்டென்று சரிய வேண்டும். அந்தச் சரிவு ஒன்றுகூட இல்லை. யாரும் சுற்றவில்லை, யாரும் மூடியைத் திறக்கவில்லை. அவன் அங்கே இல்லை. மனிதர்கள் எல்லோரும் பொய் சொல்லிய இரவில் ஒரு துண்டு இறைச்சி உண்மையைச் சொல்லியிருக்கிறது.

இனிக் கேட்கத் தயங்குவதைக் கேட்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் வரும் முதியவரை, பக்கத்துக் கூடாரத்து இளைஞர்கள் கரிச்சட்டியைக் குளிருக்காக உள்ளே கொண்டுபோனபோது அதட்டி வெளியே எடுக்க வைத்துவிட்டு, பிறகு தன் கம்பளியையே அவர்களுக்குக் கொடுத்தாரே அவரை, இறப்பவராக வை. மூன்று அத்தியாயங்களிலும் நான் நேசித்தது அவர் ஒருவரைத்தான்; அதனால்தான் இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அவர் டிரெய்லருக்குள் கரிச்சட்டியோடு கிடந்தால் ஊர் விபத்து என்றுதான் சொல்லும். அந்த இளைஞர்களில் ஒருவன் மட்டும், நேற்று எங்களைத் திட்டியவர் தானே இதை உள்ளே வைத்திருக்க மாட்டார் என்று சொல்வான். முதல் துப்பு அவர் வாழ்ந்த விதத்திலிருந்தே வரட்டும். அவர் யாரிடம் தொழில் கற்றார் என்பதையும் நாலு வரி எழுது. மெம்பிஸ் பக்கத்தில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்சஸ் சிட்டிக்கு வந்து, புகையில் வெந்த இறைச்சியைச் செய்தித்தாளில் சுற்றி விற்ற ஹென்றி பெரி என்ற கறுப்பினத்தவரிடமிருந்துதான் அந்நகரின் சுவை தொடங்கியது என்று நீ எங்களுக்குச் சொன்னாய். அந்த வழியில் வந்த கைகள் அவருடையவை என்று வாசகனுக்குத் தெரிந்தால், அவர் இல்லாமற்போவதன் பாரம் கூடும்.

ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தீரவில்லை. அவர் இறந்தது தெரியவரும்போது விடிந்திருக்கும். அவருடைய பிரிஸ்கெட் அடுப்பில் இருக்கும். ஒன்றரை மணிக்கு அதை யார் அறுத்துப் பெட்டியில் வைப்பார்கள்? எண் மாறிவிடும் என்பதால், இறந்தவரின் கறி என்பதை அறியாமலே ஆறு நடுவர்கள் அதை உண்டு மதிப்பெண் போடுவார்கள். அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கை கொலையாளியுடையதா, கம்பளி வாங்கிய இளைஞனுடையதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். இதை யோசித்து இரண்டு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்காம் அத்தியாயத்தை அனுப்பும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து அனுப்பு. உங்கள் ஊரில் குளிர் தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். படுக்கையறை வாசலுக்கு மேலே இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பேட்டரியை, கணப்பைப் போடுவதற்கு முன், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாற்றிவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா