பொய் சொல்லாத பட்டருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

"பட்டர் ரெடி" என்று போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எத்தனை கிலோ என்று பெரியம்மா கேட்டார், எந்தக் கோயிலுக்கு என்று சித்தப்பா கேட்டார். கோல்ஃபில் புல்தரையில் பந்தைக் குழி வரைக்கும் உருட்டிவிடுகிற கோலுக்குத்தான் பட்டர் என்று பெயர். பழகுகிறவர்களின் கை திருந்த உதவுகிற மாதிரி அதில் ஒன்றைச் செய்ய இரண்டு வருஷமாக மெனக்கெட்டுக்கொண்டிருந்தேன், இப்போது முடிந்துவிட்டது, அதில் என் பங்கு பாதிகூட இல்லை என்பதால் இந்த மடல். பேர் போடாதீர்கள் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். போடவில்லை, படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கேடி அண்ணனுக்கு. கோல்ஃபில் ஆடுகிறவரின் பையைச் சுமந்துகொண்டு, யோசனையும் சொல்கிறவருக்குத்தான் கேடி என்று பெயர். கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் நான் நான்கடி தூரத்துப் பந்தைக்கூட குழிக்குள் போடாமல் கோட்டை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. கோல் சரியில்லை என்று முடிவு செய்து, தலை பெரிதாக, பின்பக்கம் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிற விலை உயர்ந்த ஒன்றை வாங்கிவந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்றை எடுத்து, பந்தில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு கோலின் முகத்தை, அதாவது பந்தைத் தட்டுகிற பக்கத்தை, பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, அடிங்க சார் என்றார். ஆறு பந்து அடித்தேன். முகத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறு பொட்டும் ஆறு இடத்தில் இருந்தன, நடுவில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆறில் நாலு பந்து குழிக்குள் போயிருந்தது! "கை தப்பு பண்ணுதுங்க சார், பட்டர் அதை மறைச்சுப் பொய் சொல்லுது" என்றார். 2009-ல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற சி. முனியப்பாவும் கேடியாக ஆரம்பித்தவர்தான் என்பதை அடுத்தமுறை யாராவது கேடியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பொய் எப்படி வந்தது என்று தேடப்போய்த்தான் கார்ஸ்டன் சோல்ஹைமிடம் வந்து சேர்ந்தேன். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்தவர், நாற்பது வயதைத் தாண்டி கோல்ஃப் பிடிக்க ஆரம்பித்து, என்னை மாதிரியே குழிக்குப் பக்கத்தில் வந்து சொதப்பியவர். எடையை நடுவில் குவிக்காமல் தலையின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிட்டால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அவ்வளவாகத் திருகிக்கொள்ளாது என்று கண்டுபிடித்தார். சர்க்கரைக் கட்டி இரண்டையும் ஐஸ் குச்சிகளையும் ஒட்டித்தான் முதல் மாதிரி. 1959-ல் செய்த கோல் பந்தில் பட்டதும் 'பிங்' என்று சத்தம் வந்தது, அதுவே பெயராகவும் கம்பெனியாகவும் ஆனது. போட்டியில் ஆடுகிறவருக்கு இது வரம். பழகுகிறவருக்கு? தப்பு செய்தது தெரியவே தெரியாது, தெரியாததைத் திருத்த முடியாது. பழகும்போது கோள் சொல்கிற, போட்டிக்குப் போகும்போது மன்னிக்கிற, ஒரே கோல் வேண்டும் என்று தோன்றியது அங்கேதான்.

தோன்றினால் போதுமா, கணக்கு வேண்டாமா. எங்கள் தெருவில் ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வாழ்க்கையில் ஒருமுறைகூட கோல்ஃப் பார்த்ததில்லை. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கோல் வருகிற பாதை இல்லை, தட்டும் நொடியில் அதன் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான் என்று சொன்னேன். உடனே நாள்காட்டித் தாளைக் கிழித்தார். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பாதி 54. பத்தடி தூரத்தில் பந்து 1 டிகிரி விலகிக் கிளம்பினால் மையத்திலிருந்து 53 மில்லி தள்ளிப் போகும். அதாவது குழியின் விளிம்பில் உரசிவிட்டு வெளியே! 1 டிகிரிதான் உங்கள் சொத்து தம்பி, ஊதாரித்தனம் பண்ணாதீங்க என்றார்.

அடுத்த தாளில் அவர் போட்டுக் கொடுத்ததுதான் இந்தக் கோலின் உயிர். முகத்தில் நடுவுக்கு இரண்டு பக்கமும், 2 மில்லி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய எஃகுப் பட்டை ஒவ்வொன்று. பந்தின் விட்டம் 42.67 மில்லி. முகத்தைத் தொடும்போது, 2 மில்லி முன்னால் பந்தின் அகலம் எவ்வளவு? பள்ளிக்கூட பிதாகரஸ்தான், விடை 18 மில்லி. பட்டைகளுக்கு நடுவே 24 மில்லி இடைவெளி விட்டால், நடுவிலிருந்து இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3 மில்லிதான் மன்னிப்பு. அதற்கு மேல் தப்பினால் பந்து பட்டையில் பட்டுக் கோணலாக ஓடும். நன்றாகக் கை வந்தபிறகு இடைவெளியை 22 ஆக்கலாம், அதற்கு வேறு ஜோடி. சார், அந்த இரண்டு நாள்காட்டித் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றின் பின்னால் ராகுகாலம் இருக்கிறது.

லேத் அண்ணனைப் பற்றி எழுதினால் மடல் புத்தகமாகிவிடும். ஆவாரம்பாளையத்துப் பக்கம் பம்பு செட்டுக்குப் பார்ட்ஸ் செய்கிற பட்டறை. முதல்நாள் என் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல தண்ணி ஓடுமுங்களா, காத்து ஓடுமுங்களா?" என்று கேட்டார். எதுவும் ஓடாது என்றதும் முகம் வாடிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு ஃபவுண்டரியில் வார்த்து வாங்கியிருந்த தலையையும் அவரிடம் காட்டினேன். அறுத்துப் பார்த்தால் உள்ளே இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது, பணமும் திரும்பி வரவில்லை. அவர்தான் வார்ப்பே வேண்டாம், அலுமினியக் கட்டியிலிருந்து நேராகக் கடைந்துவிடலாம் என்று சொல்லி, ராத்திரி ஷிஃப்ட் முடிந்தபிறகு கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைக் கடைகிற வி.எம்.சி. மெஷினை எனக்காக ஓட்டினார். பட்டர் முகம் வானத்தைப் பார்த்து ஒரு 3 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் புல்லில் லேசாக அமுங்கியிருக்கிற பந்து மேலே வந்து உருளும். நான் வரைபடத்தில் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். "முகம் கவுந்து பாக்குதுங்க, பந்தைத் தரையில புதைக்கறீங்களா?" என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தது. கோல்ஃப் தெரியாத மனுஷர்.

எடைத் திருகும் அவர் கைவேலைதான். 40 கிராம் பித்தளைத் திருகுகள் இரண்டு. போட்டிக்கு என்றால் நடுவிலிருந்து 45 மில்லி தள்ளி, ஓரத்தில். பழக என்றால் 10 மில்லியில், நடுவோடு ஒட்டி. தூரம் நாலரை மடங்குதான், ஆனால் தலை திருகுவதைத் தடுக்கிற சக்தி தூரத்தின் இருமடியில் ஏறும் என்பதால் அந்தத் திருகுகளின் பங்கு இருபது மடங்கு மாறிவிடுகிறது. உள்ளே வைத்து அடித்துப் பாருங்கள், நடுவில் படாத பந்து கையில் ஒரு உதறு உதறிவிட்டுப் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அப்புறம் நடுவராக இருக்கும் நண்பர். ஷாஃப்ட், அதாவது கோலின் தண்டு, செங்குத்திலிருந்து 8 டிகிரி சாய்ந்திருந்தால் ஊசல் மாதிரி அழகாக ஆடும் என்று பெருமையாகக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, குறைந்தது 10 டிகிரி வேண்டும், இது போட்டியில் செல்லாது என்றார். அமெரிக்க கோல்ஃப் வீரர் சாம் ஸ்னீட் பந்தைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சுத்தியலால் பந்தைத் தட்டுகிற குரோக்கே ஆட்டம் மாதிரி தட்ட ஆரம்பித்து, 1968-ல் அதற்குத் தடை வந்த கதையையும் ஒரு டீ முடிவதற்குள் சொன்னார். பட்டைகளைக் கழற்றாமல் போட்டிக்குப் போகக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதச் சொன்னதும் அவர்தான், எழுதிவிட்டேன். அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை, இப்போது இல்லை.

சோதித்துப் பார்த்தவர்களில் பதின்மூன்று வயது குட்டி ஒருத்தி. பெரியவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். அவள் பத்து நிமிஷத்தில் "அங்கிள், மணிக்கட்டு வலிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். தலையை எடை போட்டால் 410 கிராம். பின்பக்கம் பள்ளம் கடைந்து 355-க்கு இறக்கினோம். சனிக்கிழமைதோறும் அவளை அழைத்துவந்து, வெயிலில் குடையோடு உட்கார்ந்திருந்த அவள் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போனில் ஸ்லோமோஷன் எடுத்த அக்கா மகனுக்கும் நன்றிதான், நடுவில் ரீல்ஸ் பார்த்ததை மன்னித்துவிட்டேன்.

வீட்டம்மாவுக்கு என்ன சொல்வது. ஹாலில் பச்சைக் கம்பளம் இரண்டு வருஷமாக விரித்தபடியே கிடந்தது, வந்தவர்கள் எல்லாம் கல்யாண வீடா என்று கேட்டார்கள். பந்து பட்டையில் படுகிற சத்தத்தைச் சமையலறையில் இருந்தபடியே பிடித்து, "வலது பக்கம்" என்று குரல் கொடுக்கிற அளவுக்கு அவளுக்குக் காது பழகிவிட்டது. எனக்கு அந்த வித்தியாசம் இன்னும் கேட்பதில்லை.

முதல் கோல் கேடி அண்ணனுக்கு, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மார்க்கர் பொட்டு வைத்து என்னைத்தான் முதலில் அடிக்கச் சொன்னார். பத்துக்கு ஆறு நடுவில். இரண்டாவது அந்தக் குட்டிக்கு. லேத் அண்ணே, கடைசித் தலைக்கான பில்லை மூன்று தடவை கேட்டுவிட்டேன், "பாத்துக்கலாமுங்க" என்றே ஓட்டுகிறீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கு வருகிறேன், பில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் உங்களையும் ஒருநாள் செட்டிபாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஆட வைத்துவிடுவேன்.