வேர் முடிச்சுக்குள் இளஞ்சிவப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். பயறு பூக்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

மண்ணைத் தொட வேண்டிய பிள்ளைகள் கையில் சென்சாரையும் செல்போனையும் ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். தொடங்கும்போது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இப்போது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆறு பாத்தி போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஈரப்பத சென்சார் செருகினோம். ஒருநாள் காலை மூன்றாம் பாத்தி காய்ந்து கிடப்பதாக செல்போன் காட்டியது. ஒரு பையன் தண்ணீர் திறக்கப் போனான். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "ஈரமாத்தான் இருக்கு சார்" என்றாள். கருவி பொய் சொல்லாது என்று பாதி வகுப்பு அவளோடு சண்டைக்கு நின்றது. நான் வாயே திறக்கவில்லை.

மெதுவாகத் தோண்டினால், சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு கல்லும் அதை ஒட்டி ஒரு காற்றுப் பொந்தும் இருந்தன. அந்தச் சென்சார் ஈரத்தை நேராக அளப்பதில்லை; சுற்றியிருப்பதன் மின்காப்பு மாறிலியைத்தான், அதாவது ஒரு பொருள் மின்புலத்தில் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கிவைக்கும் என்று காட்டும் எண்ணைத்தான், உணர்கிறது. தண்ணீருக்கு அது சுமார் 80, காற்றுக்கு 1. பொந்தில் இருந்த காற்றைத்தான் அது வறட்சி என்று சொல்லியிருக்கிறது. இயற்பியல் புத்தகத்தில் அவர்கள் மனப்பாடம் செய்யப்போகும் பாடம் பாத்தியிலேயே வந்து நின்றது! அதோடு விடவில்லை. 100 கிராம் மண்ணை அடுப்பில் 105 டிகிரியில் ஒருநாள் முழுக்க உலர்த்தி மறுபடி எடை போட்டோம். 83 கிராம் இருந்தது. விரல், தராசு, சென்சார் மூன்றும் ஒத்துப்போகும்வரை அவர்கள் ஓயவில்லை. சென்சார் தவறியதால்தான் அத்தனை கைகளும் மண்ணுக்குள் போயின.

45 நிமிட வகுப்புக்குள் இதையெல்லாம் அடக்க முடியவில்லை. அதைப் பற்றி நேரில் புலம்புகிறேன்.

பூ வந்ததும் சில தட்டைப்பயறுச் செடிகளை வேரோடு எடுத்துக் கழுவினோம். வேர் முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே இளஞ்சிவப்பு. "செடிக்கும் ரத்தம் உண்டா சார்?" என்று ஒருவன் கேட்டான். அது நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம், உள்ளே இருக்கும் பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம் என்றேன். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. தொழிற்சாலையில் அதை அம்மோனியாவாக்க 400 டிகிரிக்கு மேல் சூடும் பெரும் அழுத்தமும் வேண்டும். இந்த முடிச்சு அதையே மண்ணின் சாதாரணச் சூட்டில் செய்துவிடுகிறது. சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் கீறாத ஒரு முடிச்சை மறுபடி மண்ணுக்குள் புதைத்தாள். இயற்கையோடு நெருக்கம் என்று நாம் மணிக்கணக்காகப் பேசுவோமே, எனக்கு இனி அதுதான் நினைவுக்கு வரும்.

ஆறாம் பாத்திச் செடிகளில் மட்டும் முடிச்சே அபூர்வம். இலையெல்லாம் கரும்பச்சை. அங்கேதான் பிள்ளைகள் ஆசையாக எருவை அளவுக்கு மீறிக் கொட்டியிருந்தார்கள். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைக்க மெனக்கெடாது என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த விதைப்பில் ஒரு பாத்திக்கு எருவோடும் பக்கத்துப் பாத்திக்கு எரு இல்லாமலும் போட்டுப் பார்க்கலாம் என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

செடியைப் பிடுங்கும் வாரத்தில் நீ வர முடியுமா? தேதியை முன்கூட்டியே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்